ஒரு இருமல் என்றால் பச்சை

செவ்வாய், மாலை

என் அன்புக்குரிய வாத்தியாருக்கு,

நானும் மகளும் நலம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஜோடி மாறாத சாக்ஸ் போட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாக்ஸ் விஷயத்தில் நம்பிக்கை கொஞ்சம் குறைவுதான். மகள் ஒவ்வொரு ஜோடிக்கும் உள்பக்கம் எண் தைத்து அனுப்பினாளே, மூன்றோடு மூன்றைத்தான் போடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

உங்கள் நிறுவனம் அனுப்பிய டேப்லட்கள் வந்து சேர்ந்தன. நாற்பது பிள்ளைகளுக்கு இருபது. தலைமையாசிரியர் அவற்றைத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டி, பூச்சி அரிக்காமல் இருக்க நான்கு நாப்தலின் உருண்டையும் போட்டிருக்கிறார். அதனால் பதினோராம் வகுப்பு முழுக்க இப்போது பழைய புடவை வாசம். நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் நாப்தலினின் மூலக்கூறு வாய்பாட்டை என்னிடமே கேட்டு நிற்பார்.

அதில் இருக்கும் உங்கள் ஆய்வகச் செயலியைப் பிள்ளைகள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். “நம்ம சார் உள்ள உட்கார்ந்திருக்கார்” என்று கீழ் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டுகிறார்கள். கை தவறிச் சோதனைக்குழாய் உடைந்தால் உங்கள் குரல் வந்து “பரவால்ல, இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க” என்கிறது அல்லவா, அதைக் கேட்பதற்காகவே உடைக்கிறார்கள். ஒருவன் ஒரே பாடவேளையில் அறுபத்து மூன்று குழாய் உடைத்தான். நிஜ ஆய்வகத்தில் ஒன்று உடைந்தாலே நீங்கள் எப்படிக் குதிப்பீர்கள் என்று எனக்குத்தானே தெரியும்! இன்னொருத்தி நிஜக் குழாயை வாங்கி, உள்ளே இருப்பதைப் பெரிதாக்கிப் பார்க்கக் கண்ணாடி மேல் இரண்டு விரலை வைத்து விரித்தாள். நான் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்துவிட்டது.

இது வரைக்கும் நல்ல செய்தி. இனி சொல்லப்போவதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் அறையில் நான்கு பேர் இருக்கிறார்கள், உங்கள் போனோ பேசுவது தெருவுக்கே கேட்கிற போன். தவிர, போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் காகிதம். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

நேற்று இரும்பு உப்புகளின் பாடம். செயலியில் ஃபெரஸ் சல்பேட் கரைசலை எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றச் சொன்னேன். இருபது டேப்லட்டிலும் ஒரே நேரத்தில் ஊற்றினார்கள். குழாயின் அடியில் வீழ்படிவு இறங்கியது. நல்ல செம்பழுப்பு, செங்கல் பொடி மாதிரி. உடனே உங்கள் குரல், இருபது டேப்லட்டிலும் சேர்ந்து, “பார்த்தீங்களா, எவ்வளவு அழகான பச்சை!” என்றது.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அடுத்து ஃபெரிக் குளோரைடு. அதில் பாசி பிடித்த தொட்டி போல ஒரு பச்சை வந்தது. “இப்போ பாருங்க, பழுப்பு! எப்பவும் மறக்கவே கூடாது” என்றீர்கள். யாராலும் மறக்க முடியாது, கவலைப்படாதீர்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இருமினேன். ஒரு முறை. திரையில் பச்சையைப் பார்த்ததும், உங்கள் குரல் காதில் விழுந்ததும், தொண்டை தானாகவே இருமிவிட்டது. ஒரு டேப்லட்டுக்கு! முன்வரிசைப் பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கல்லூரிக் கடைசிச் செய்முறைத் தேர்வு ஞாபகம் இருக்கிறதா? குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றீர்கள். பக்கத்து மேசையிலிருந்து நான் ஒரு முறை இருமினால் பச்சை, இரண்டு முறை இருமினால் பழுப்பு. முந்தின நாள் மாலை படிக்கட்டில் உட்கார்ந்து நாம் செய்துகொண்ட ஏற்பாடு. தேர்வாளர் என்னைப் பார்த்து “உனக்குக் காசநோயாம்மா?” என்று கேட்டாரே! அன்றைக்கு உங்களைக் காப்பாற்றப்போய், இருபத்தாறு வருடமாக இருமிக்கொண்டிருக்கிறேன். இதே பள்ளியில் பத்தொன்பது வருடம் நீங்கள் ஆய்வக வகுப்பு எடுக்கும்போதெல்லாம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு உள்ளே வந்து, இருமிவிட்டுப் போனேன். பிள்ளைகள் எனக்கு இருமல் மிஸ் என்று பெயர் வைத்ததுதான் மிச்சம்.

அந்த ஊருக்கு என் இருமல் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது, இல்லையா? உங்களுக்குத் தேநீர் வாங்கித் தருவாளே, அங்கிள் அங்கிள் என்று சுற்றி வருவாளே, உங்கள் அலுவலகத்தில் செயலிக்குப் படம் வரைகிற அந்தப் பெண் இரண்டு படத்தையும் எண் மட்டும் போட்டு அனுப்பியிருப்பாள். எது எதற்கு என்று நீங்கள் கண்ணால் பார்த்துப் பொருத்தியிருப்பீர்கள். பச்சையும் பழுப்பும் உங்களுக்கு ஒன்றுதான் என்பது அங்கேயும் சரி, இங்கேயும் சரி, என்னையும் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது.

இப்போது சிக்கலைக் கேளுங்கள். வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், வக்கீல் என்று கூப்பிடுவார்கள். நீங்கள் போன பிறகு வந்து சேர்ந்தவள். அவள் விடவில்லை. நிஜக் கரைசல்களை எடுத்து ஊற்றிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். ஃபெரஸ் அழுக்குப் பச்சையாக வந்தது, ஃபெரிக் செம்பழுப்பாக வந்தது. அப்போது உங்கள் சிஷ்யப்பிள்ளை, அதுதான் உங்களைப் போலவே கை ஆட்டிப் பேசுவானே அவன், எழுந்து, “சார் தப்பே பண்ணல மிஸ், பச்சைய அப்படியே காத்துல வெச்சா கொஞ்ச நேரத்துல பழுப்பாயிடும்ல, அதத்தான் காட்டிருக்கார்” என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ரசாயனம் சரிதானே. ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் கதை முடிந்தது. ஆட்டக்கூடத் தொடங்கிவிட்டேன். அதற்குள் வக்கீல், “சரி, பச்சை பழுப்பாகும். பழுப்பு எந்தக் காத்துல மிஸ் பச்சையாகும்?” என்று கேட்டாள். ஆடிய தலை நின்றுவிட்டது.

செயலியில் ‘பிழை சொல்ல’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்கள். அவள் பதினொரு வரி எழுதிவிட்டாள். பிள்ளைகள் எழுதுவது ஆசிரியரின் டேப்லட்டுக்கு வந்து, ஆசிரியர் அனுப்பினால்தான் உங்கள் நிறுவனத்துக்குப் போகும் என்று ஏற்பாடு செய்ததும் நீங்கள்தான். அது இப்போது என் டேப்லட்டில் கிடக்கிறது. அழிக்க முடியவில்லை, நான் டீச்சர். அனுப்பவும் கை வரவில்லை, நான் உங்கள் பெண்டாட்டி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அனுப்புகிறேன் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதற்கு மறுநாள் சனிக்கிழமை கல்வித்துறை அதிகாரிகளுக்குச் செயலியைக் காட்டப்போவதாகவும், அவர்கள் சரி என்றால் நூற்று நாற்பது பள்ளிகளுக்குப் போகும் என்றும் எழுதியிருந்தீர்கள். அத்தனை பிள்ளைகளும் பரீட்சையில் ஃபெரஸுக்குப் பழுப்பு என்று எழுதிவைத்தால் என்ன ஆவது?

அதற்குள் நீங்களே அங்கே சொல்லிவிடுங்கள். பிழை மட்டும் அல்ல, ஏன் பிழை என்பதையும். பதில் உடனே போடுங்கள். மகள் முத்தம் தரச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் இருமல் மிஸ்


திங்கள், காலை

வாத்தியாருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன், கோபத்தோடு பாடம் நடத்தினால் பிள்ளைகள் மேல்தான் விழும். கூரியரில் அனுப்புகிறேன். புதன்கிழமை கையில் கிடைத்துவிடும்.

எப்படி உங்களுக்கு மனசு வந்தது? “படம் வரைகிற பெண் கோப்புகளை மாற்றி அனுப்பிவிட்டாள் என்று சொல்லிக்கொள்கிறேன், சின்னப் பெண், அவளை யாரும் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதும்போது பேனா நிற்கவில்லையா? அவள் வேலைக்குச் சேர்ந்தே நான்கு மாதம்தான் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்துக்கடைக்கு ஓடியவள் அவள். அவள் தலையிலா கட்டுவது? வீட்டில் நானாக இருந்தால் பரவாயில்லை, இருபத்தாறு வருடமாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திட்டிவிட்டேன். இப்போது கொஞ்சம் ஆறியது. இன்னும் சொல்கிறேன்.

படங்களை எனக்கு ஒரு தடவை அனுப்பியிருந்தால் தீர்ந்திருக்குமே என்று போன வாரம் முழுக்க உங்களை மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன். நான் கேட்காமலே அதற்கும் பதில் எழுதியிருந்தீர்கள். ஒரு வேலையாவது என் இருமல் இல்லாமல் செய்து முடிக்க ஆசைப்பட்டதாக. அந்த வரியைப் படித்ததும் அழுதுவிட்டேன். அதை மறைப்பானேன்? வருத்தமாகவும் இருந்தது, கொஞ்சம் உறைக்கவும் உறைத்தது. நான் உதவி என்று நினைத்ததெல்லாம் உங்களுக்குப் பாரமாகவும் இருந்திருக்கிறது. நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் ஒரு நாளும் கேட்டதில்லை.

உங்கள் பயம் எனக்குத் தெரியாததா? முன்பு வேலை கேட்டுப் போன அந்தப் பெயின்ட் தொழிற்சாலையில், நிறப் பார்வையைச் சோதிக்கிற புள்ளிப் படப் புத்தகத்தை நீட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டு, நீங்கள் விழித்ததும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பேசவில்லை. ரசாயன வாத்தியாருக்கு நிறம் தெரியாதாம் என்று ஊர் சிரிக்கும் என்கிறீர்கள். சிரித்தால் சிரிக்கட்டுமே. உங்களிடம் படித்தவர்கள் எத்தனை பேர் இன்றைக்கு மருந்து ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் நிற்கிறார்கள். அவர்களுக்கு அணு என்றால் என்ன என்று கண்ணை மூடிக்கொண்டு பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான். எனக்கு எல்லா நிறமும் தெரியும், என் வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள்.

சரி, வேலையே போய்விட்டால்? அந்தப் பயமும் எனக்கு இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எட்டு மாதம் குடும்பத்தைப் பிரிந்து, நான்கு பேர் குறட்டையில் தூங்கி, ஆசை ஆசையாகச் செய்த வேலை. போனால் வீட்டுக்கு வாருங்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுத்து வேலையில் நிலைத்துவிட்டு வந்தால் மட்டும் எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

சிஷ்யப்பிள்ளை சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். அவனும் வக்கீலும் ஒரு வாரமாகப் பேசிக்கொள்வதில்லை. சார் வந்து விளக்கம் சொல்வார், அதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று வகுப்பில் எல்லோரையும் மிரட்டி வைத்திருக்கிறான். அவனுக்காகவாவது ஒரு விளக்கம் வேண்டாமா?

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வக்கீலின் பதினொரு வரியை அனுப்பிவிடுவேன். அதில் மாற்றமில்லை. நீங்கள் அதற்கு முன்னால் சொல்கிறீர்களா, பின்னால் சொல்கிறீர்களா, என்ன சொல்கிறீர்கள் என்பதெல்லாம் உங்கள் பாடு. இந்தத் தடவை நான் இரும மாட்டேன். நீங்களாகவே பார்த்துச் சொல்ல வேண்டிய விடை இது.

கோபத்தில் எழுதியதை மன்னியுங்கள். முழுவதையும் அல்ல, பாதியை. இரவு போர்வை போர்த்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டி


ஞாயிறு, காலை

என் அன்பு வாத்தியாருக்கு,

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு நீங்கள் தலைமையாசிரியரைப் போனில் பிடித்து, வகுப்போடு பேச வேண்டும் என்று கேட்டதும் அவர் ஒரு டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடிவந்தார். அந்த உடம்போடு அவர் ஓடி இன்றுதான் பார்க்கிறேன் என்று பியூன் அண்ணன் சொன்னார். நீங்கள் என்ன பேசினீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் தலைமையாசிரியர் கேமராவைத் தன் பக்கமே திருப்பி வைத்திருந்ததால், கடைசி வரைக்கும் உங்களுக்கு அவருடைய தாடைதான் தெரிந்திருக்கும். வகுப்பில் நடந்ததை நான் எழுதினால்தான் உண்டு.

“எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். பொறந்ததுலேருந்து அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லாம இருந்தது என் தப்பு, வேற யாரோட தப்பும் இல்ல” என்று நீங்கள் சொன்னதை அத்தனை பேரும் முன்னால் குனிந்து கேட்டார்கள். சிரிப்பார்கள் என்று பயந்தீர்களே, ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிஷ்யப்பிள்ளைதான் எழுந்து நின்றான், ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை, மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

நீங்கள் பேசி முடித்துப் போனை வைத்த பிறகுதான் வேடிக்கை. வக்கீல் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “மிஸ், அன்னிக்குப் பச்சை வந்தப்ப நீங்க இருமினீங்க. ஒரு தடவை. சார் இருந்தப்பவும் லேப்ல வந்து வந்து இருமுவீங்களாமே?” என்று இழுத்தாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. வகுப்புக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஐயோ, அந்தக் கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும்! மேசையைத் தட்டுகிறார்கள், ஓ என்று கத்துகிறார்கள். சிஷ்யப்பிள்ளைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “அப்போ சளியே இல்லையா மிஸ்? எங்கம்மா உங்களுக்கு எத்தனை தொண்டை மாத்திரை குடுத்து விட்டிருப்பாங்க!” என்றான். என் மேசை இழுப்பறையில் அத்தனையும் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி, திறந்து, எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன்.

சரியாக நான்கு மணிக்கு டேப்லட்டை எடுத்தேன். வக்கீல் ஒரு நிமிடம் பொறுங்கள் என்று வாங்கி, தன் பதினொரு வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள். “ஒவ்வொரு நிறத்துக்கும் கீழே அதன் பெயரையும் எழுதுங்கள். எல்லோருக்கும் ஓர் இருமல் மிஸ் கிடைக்க மாட்டார்” என்று. சிஷ்யப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, ‘மிஸ் கிடைக்க மாட்டார்’ என்பதை ஒரு தடவை சத்தமாகவும் படித்துவிட்டு, பொத்தானைத் தான்தான் அழுத்துவேன் என்றான். அழுத்தினான். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

நேற்றுப் போனில் நீங்கள் சொன்னதை மகளிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மேலாளர் அரை மணி நேரம் கத்தினார், அதிகாரிகள் வருவதைச் சனிக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றினார், அப்புறம் “இத முதல்லயே சொல்லியிருந்தா ஒரு நாள் வேலை சார்” என்றார் என்றீர்களே. ஒரு நாள் வேலை! இருபத்தாறு வருடம் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கினோம். நினைத்தால் சிரிப்பாகவும் வருகிறது, யாரையாவது நாலு சாத்து சாத்தலாம் போலவும் வருகிறது. அந்தப் பெண் இனிமேல் ஒவ்வொரு படத்திலும் நிறத்தின் பெயரை எழுதியே கொடுப்பதாகச் சொன்னாளாமே. அவளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். விடுமுறைக்கு நம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தேநீர் நான் போட்டுத் தருகிறேன்.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. தலைமையாசிரியர் நாப்தலின் உருண்டையை எட்டாக்கிவிட்டார்.

வீட்டு வாசல் கேட் துருவேறிக் கிடக்கிறது. பெயின்ட் அடிக்க ஆள் வந்து கேட்டான். வீட்டுக்காரர் வரட்டும் என்று அனுப்பிவிட்டேன். இதுவரை வீட்டில் எல்லா நிறத்தையும் நானே தேர்ந்தெடுத்தேன். இந்தத் தடவை கடைக்கு நீங்கள் போங்கள், டப்பாவைப் பார்த்து உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுங்கள். என்ன நிறமாக இருந்தாலும் அடித்துவிடலாம். பக்கத்தில் நிற்பேன், நீங்களாகக் கேட்டால் மட்டும் சொல்வேன்.

உங்களை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. இதை நேரில் சொன்னால் பேச்சை மாற்றுவீர்கள், அதனால் எழுதிவிட்டேன், மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும், நூற்று நாற்பது பள்ளியிலும் உங்கள் குரல் கேட்கட்டும்.

என் தொண்டை எப்படி இருக்கிறது என்று போனில் கேலியாகக் கேட்டீர்கள். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. எட்டு மாதமாக இந்த வீட்டில் யாருக்காக இருமுவது என்றுதான் தெரியவில்லை. வேலை முடிந்த மறுநாளே கிளம்பி வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இருமல் மிஸ்